அடக்கக் கூடாதவை

ஜூன் 10, திங்கள்

இன்று கம்பெனியில் எல்லோருக்கும் ஒரு நோட்டு கொடுத்தார்கள். பச்சை அட்டை. அதில் துளசிச் செடிப் படம் போட்டு, கீழே "நலமான உணவு, அமைதியான மனம் – 48 நாள்" என்று அச்சடித்திருக்கிறார்கள். ஷிப்மெண்ட் ஒரு நாள் தள்ளிப் போனால் எங்களைக் கடித்துத் துப்புகிற பனியன் கம்பெனிக்குத் திடீரென்று எங்கள் மன அமைதியின் மேல் அக்கறை வந்துவிட்டது. துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரன் கேட்டிருக்கிறான். அதுதான் விஷயம்.

ஹெச்.ஆர். கௌதமன் சார் மைக்கைப் பிடித்து இருபது நிமிடம் பேசினார். அதன் பிறகு கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஆயுர்வேத டாக்டர் பேசினார். மாளவிகா என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. அவர் சொன்னது இவ்வளவுதான்: காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்க வேண்டும். பசித்த பிறகுதான் சாப்பிட வேண்டும். மதியம்தான் வயிற்றுத் தீ நன்றாக எரியும், அதனால் மதியச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு. சூடாக, உட்கார்ந்து, பேசாமல், அவசரப்படாமல் மென்று தின்ன வேண்டும். வயிற்றில் பாதி சோறு, கால் பங்கு தண்ணீர், கால் பங்கு காலி. சாப்பிட்டதும் நூறடி நடக்க வேண்டும்.

என் லைனில் முப்பத்தெட்டு பெண்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற ஓவர்லாக் டெய்லர் பாப்பாத்தி என் காதோரம் சொன்னாள்: "ஏனுங்க்கா, கால் பங்கு காலியா இருக்கோணுமாமா? நமக்கு முக்கால் பங்கு காலியாத்தான கெடக்குது."

நான் சிரிக்கவில்லை. நான் நாலாவது லைன் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் சிரித்தால் அன்றைக்கு நூறு பீஸ் குறையும்.

நோட்டில் இடது பக்கம் அச்சடித்த கட்டம். எழுந்த நேரம், சாப்பிட்ட நேரம், உட்கார்ந்தா நின்றா, எத்தனை டம்ளர் தண்ணீர், மனநிலை. வலது பக்கம் வெற்றுத் தாள். "மனசுல வர்றதை அதுல எழுதுங்க. ஒரு வரி எழுதினாலும் பாரம் இறங்கும்" என்றார் டாக்டர். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். எழுதச் சொன்னால் எழுதுவேன். இறங்குகிறதா என்று பார்ப்போம்.

ஜூன் 11, செவ்வாய்

கட்டத்தில் எழுதியது: மதியம் 1.00 முதல் 1.30 வரை. உட்கார்ந்து. தண்ணீர் 8 டம்ளர். மனநிலை: அமைதி.

நடந்தது: ஒரு மணிக்கு மெஷின் நின்றது. நானூறு பேர் முப்பத்தாறு படி ஏறி மொட்டை மாடிக் கொட்டகைக்குப் போனோம். கை கழுவ இரண்டு குழாய். அதில் ஒன்று ஒழுகும், மற்றது வராது. நான் உட்காரும்போது 1.12. மணி அடித்தபோது 1.25. கையைக் கழுவியும் கழுவாமலும் எல்லோரும் இறங்கி ஓடினோம். டாக்டர் சொன்ன நூறடி நடைக்கு இந்தப் படிகளைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

சூடாகச் சாப்பிட வேண்டுமாம். விடியற்காலை ஐந்து மணிக்கு வடித்து டப்பாவில் அடைத்த சோறு மதியம் ஒரு மணிக்கு எந்த ஊரில் சூடாக இருக்கும்? டாக்டரம்மா ஒரு நாள் வந்து என் டப்பாவைத் திறந்து பார்க்கட்டும்.

ஜூன் 12, புதன்

"மனநிலை: அமைதி" என்று எழுதும்போது பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது.

ஜூன் 14, வெள்ளி

டாக்டர் வாரம் ஒரு முறை வருவாராம். இன்று இரண்டாவது வகுப்பு. உடம்பில் தானாக எழுகிற வேகங்கள் பதிமூன்று என்றார். சிறுநீர், மலம், காற்று, தும்மல், கொட்டாவி, ஏப்பம், பசி, தாகம், தூக்கம், கண்ணீர் என்று சொல்லிக்கொண்டே போனார். இவற்றில் ஒன்றையும் அடக்கக் கூடாதாம். அடக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய் உண்டாம். அடக்க வேண்டியவை வேறு இருக்கின்றனவாம். பேராசை, பொறாமை, கோபம்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. இங்கே சிறுநீரை அடக்குகிறோம், தாகத்தை அடக்குகிறோம், பசியை அடக்குகிறோம். தும்மினால்கூட பீஸின் மேல் படாமல் தும்ம வேண்டும். அத்தனையும் அடக்கிய பிறகு மிச்சம் இருப்பது கோபம் ஒன்றுதான். அதையும் அடக்கச் சொல்கிறார்.

டாக்டருக்குத் தெரியாத ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு லைனுக்கு ஒரு மரக்கட்டை. கழிவறைக்குப் போகிறவள் அதை எடுத்துப் போக வேண்டும், திரும்பி வந்து மாட்ட வேண்டும். கட்டை இல்லாமல் போனால் செக்யூரிட்டி திருப்பி அனுப்பிவிடுவார். நாலாவது லைன் கட்டை என் மேஜை ஓரத்து ஆணியில் தொங்குகிறது. கேட்டால் கொடுக்கிறேன். கொடுக்காமலா இருக்கிறேன்? டார்கெட் ஓடுகிற நேரத்தில் "சித்த இரு" என்று சொல்வேன். அதுவும் தப்பு என்றால் சூப்பர்வைசர் என்று ஒருத்தி எதற்கு?

ஜூன் 17, திங்கள்

கௌதமன் சார் சூப்பர்வைசர்கள் எல்லோரையும் கூப்பிட்டார். பாதிப் பேர் நோட்டு எழுதுவதே இல்லையாம். எழுதுகிறவர்களும் கண்டதை எழுதுகிறார்களாம். ஒருத்தி மனநிலைக் கட்டத்தில் "மாமியார்" என்று எழுதியிருக்கிறாள்.

"வசந்தாமணிம்மா, உங்க லைன்தான் எப்பவும் முதல்ல நிக்குது. இதுலயும் நிக்கணும். ஆடிட்டுக்கு இந்த நோட்டெல்லாம் போகும். எல்லாம் ஒரே மாதிரி, நீட்டா இருக்கட்டும். வலது பக்கம் யாரும் எதுவும் எழுத வேண்டாம்" என்றார்.

முப்பத்தெட்டு பேரின் நோட்டுகளையும் வாங்கி வைத்துக்கொண்டேன். மாலையில் கிளம்பும் முன் நானே நிரப்பிவிடுகிறேன். 1.00 – 1.30. உட்கார்ந்து. 8 டம்ளர். அமைதி. கை பழகிவிட்டது. பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அவர்களுக்கும் ஒரு வேலை மிச்சம். யாரும் ஆட்சேபிக்கவில்லை. பாப்பாத்தி மட்டும், "எட்டு டம்ளராங்க்கா? நானு எட்டு வாய் குடிச்சா அதிகமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு மட்டும் வலது பக்கம் எழுதும் பழக்கம் வந்துவிட்டது. கடைசியில் கிழித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். இன்றுதான் கவனித்தேன். இந்தப் பக்கத்தைக் கிழித்தால் இதன் முதுகில் இருக்கிற நாளைய கட்டமும் சேர்ந்து போய்விடும். பொய்யும் நிஜமும் ஒரே தாளின் இரண்டு பக்கம். போகட்டும், கடைசியில் புது நோட்டு ஒன்று வாங்கிக் கட்டத்தை மட்டும் பார்த்து எழுதிவிடலாம்.

ஜூன் 20, வியாழன்

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு துண்டு இஞ்சியில் உப்பைத் தொட்டு மெல்லச் சொன்னாரே, அது நன்றாக இருக்கிறது. இராத்திரி தயிரை நிறுத்தியதில் காலையில் தொண்டை கட்டவில்லை. காலைச் சுடுதண்ணீரும் சரிதான். டாக்டர் சொல்வது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. சொல்கிற இடம்தான் தப்பு.

ஜூன் 23, ஞாயிறு

லீவு. சொன்னபடி செய்து பார்ப்போம் என்று பன்னிரண்டு மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கிய சோறு, கொள்ளுப் பருப்பு, முருங்கைக்கீரைப் பொரியல். இலையில் ஆவி பறந்தது. என் வீட்டுக்காரர் செல்லமுத்துவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். மென்று தின்ன வேண்டும், நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று அவருக்கும் சொல்லி வைத்தேன்.

தலை நிமிர்ந்தபோது என் இலை காலி. அவர் இரண்டாவது கவளத்தில் இருந்தார். கடிகாரத்தைப் பார்த்தால் ஏழு நிமிடம்கூட ஆகவில்லை. நாக்கு வெந்திருந்தது. என்ன தின்றேன் என்றே தெரியவில்லை. இதில் என் விரல்கள் வேறு தரையை டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருந்திருக்கின்றன.

"இதென்ன உன்ற கம்பெனியா வசந்தா? எனக்குமா மணியடிக்கற?" என்றார் அவர் சிரித்தபடி.

சிரிக்க என்ன இருக்கிறது? சாப்பிடுகிற மனுஷனை யாரும் தட்டி எழுப்பவில்லை. இலையை எடுத்துப் போட்டுவிட்டு துணி துவைக்கப் போய்விட்டேன். துவைக்கிற கல் தப்பித்தது ஆச்சரியம்.

ஜூன் 27, வியாழன்

பாப்பாத்திக்கும் எனக்கும் வாய்த்தகராறு. பதினொன்றரைக்குக் கட்டை கேட்டாள். "காலைல இருந்து இருநூறு பீஸ் பின்னாடி இருக்குது. சித்த இரு" என்றேன். பன்னிரண்டேகாலுக்கு மறுபடி வந்து நின்றாள். முகத்தைப் பார்த்துக் கொடுத்தேன். போய்த் திரும்ப ஒன்பது நிமிடம் ஆக்கினாள்.

"என்ன புள்ள, உள்ளயே குடியிருந்தயா?"

"எரியுதுங்க்கா. சொட்டுச் சொட்டாத்தான் போகுது. இடுப்பெல்லாம் வலிக்குது."

"தண்ணி குடிச்சாத்தான?"

அவள் என்னைப் பார்த்தாள். மெஷினில் உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய பாட்டிலை அப்போதுதான் பார்த்தேன். காலையில் கொண்டுவந்த தண்ணீர் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

குடிக்காமல் இருப்பது அவள் குற்றம். இதற்கும் நானா பொறுப்பு?

ஜூலை 3, புதன்

இன்று டாக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நோட்டைப் பார்த்து நாடி பிடித்தார். லைனிலிருந்து ஆட்களை அனுப்புவதும் கூட நிற்பதும் என் வேலை. பாப்பாத்தி வயிறு எரிகிறது, இடுப்பு வலிக்கிறது என்று சொன்னாள். டாக்டர் அவள் நோட்டைப் புரட்டினார்.

"தண்ணி தினமும் எட்டு டம்ளர் குடிக்கறீங்க. சாப்பாடும் நிதானமாத்தான் சாப்பிடறீங்க. அப்புறம் ஏன் எரியுது?" பிறகு நேராகவே கேட்டார். "தண்ணி நிஜமா இவ்வளவு குடிக்கறீங்கதானே? யூரின் அடக்கறது இல்லையே?"

பாப்பாத்தி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டரைப் பார்த்தேன். அதில் போன வருடத் தேதி இருந்தது.

"குடிக்கறனுங்க" என்றாள் பாப்பாத்தி.

அப்படியானால் வயிற்றுச் சூடாக இருக்கலாம் என்று சொல்லி, காரத்தைக் குறைக்கச் சொன்னார். சீரகத் தண்ணீர், பகலில் மோர் என்று எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும், "நெசத்தச் சொல்லறதுதான புள்ள?" என்று அவள் மேலேயே பாய்ந்தேன்.

"நீங்க எழுதுனதுங்க்கா அது. பொய்யின்னு நான் எப்படிச் சொல்லுவனுங்க?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் முப்பத்தெட்டு பூசணிக்காய் மறைத்திருக்கிறேன்.

ஜூலை 4, வியாழன்

கட்டம் நிரப்பினேன். பாப்பாத்தி: 8 டம்ளர். அமைதி.

ஜூலை 9, செவ்வாய்

பத்தே முக்காலுக்கு பாப்பாத்தி மெஷின் மேலேயே கவிழ்ந்தாள். ஓவர்லாக் ஓடிக்கொண்டே இருந்தது. நல்லவேளை, கை உள்ளே போகவில்லை. உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. காய்ச்சல் மூன்று நாளாக இருந்திருக்கிறது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறாள். தூக்கும்போது சேலை நனைந்திருந்தது. அரை மயக்கத்திலும் அதை இழுத்து மூடப் பார்த்தாள். அந்த இரண்டு விரல்கள் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

வேனில் ஏற்றிவிட்டு வந்தால், "உங்க லைன் ஏன் நிக்குது?" என்று ஃப்ளோரில் கேட்கிறார்கள். லைனை ஓட்டினேன். மாலை ஐந்து வரை ஓட்டினேன். யார் மேல் எரிந்து விழுந்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

ஜூலை 11, வியாழன்

பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். சிறுநீரில் கிருமி, அது சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது என்கிறார்கள். ஊசி போகிறது. ஒரு வாரம் படுக்கை. இன்னும் நான்கு நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமென்று சொல்ல முடியாது என்றாள் நர்ஸ். "ஏம்மா, இந்த அம்மா தண்ணியே குடிக்காதா?" என்று என்னைத்தான் கேட்டாள்.

பாப்பாத்தி கண்ணைத் திறந்தாள். முதலில் கேட்டதே, "லைனு ஓடுதுங்களா?" என்றுதான்.

"லைன் கெடக்குது. நீ எதுக்கு கண்ணு தண்ணியக் குடிக்காம இருந்தே? கேட்டா நான் கட்டையக் குடுக்க மாட்டனா?"

"குடுப்பீங்க்கா." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கேக்கறப்ப பாப்பீங்கல்ல ஒரு பார்வ. அதுக்குப் பயந்துட்டுத்தான் குடிக்கறதில்ல. நானு மட்டுமில்லீங்க. நம்ம லைன்ல ஆருமே பதினோரு மணிக்கு மேல குடிக்க மாட்டாங்க."

பையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்தேன்.

"சோத்தையும் மெல்லறதில்லீங்க. முழுங்கிப்போடறது. எப்ப மணியடிப்பீங்களோன்னு."

வாங்கிப்போன சாத்துக்குடியை உரிக்கிறேன் உரிக்கிறேன் என்று உரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் சுளையெல்லாம் நசுங்கி என் கையில்தான் இருந்தது.

ஜூலை 12, வெள்ளி

மணியை அடிப்பது நான்தான்.

ஒரு மாதமாக இந்த நோட்டில் "மணி அடித்தது" என்று எழுதியிருக்கிறேன். திருப்பிப் பார்த்தேன். தானாக அடிக்கிற மணி எங்கே இருக்கிறது? சுவிட்ச் மாடிப்படி ஓரம் இருக்கிறது, அந்தப் பொறுப்பு ஆறு வருடமாக என்னுடையது. கம்பெனி விதிப்படி மதிய இடைவேளை ஒன்றரை வரைக்கும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸ் ஷிப்மெண்டுக்கு, படி இறங்கும் நேரம் வீணாகிறதே என்று நானாகவே 1.25க்கு அடித்தேன். யாரும் சொல்லவில்லை. அந்த வாரம் நாலாவது லைன் முதலிடம். கௌதமன் சார் எல்லோர் முன்னாலும் கை தட்டினார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட ஒன்றரைக்கு அடித்ததில்லை. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், நானூறு பேர், ஆறு வருடம்.

நோட்டு கொடுத்தவர்கள் மேல் கோபம். டாக்டர் மேல் கோபம். குழாய் மேல் கோபம். சுற்றிச் சுற்றி எழுதினேனே, என் மேல் ஒரு வரி எழுதினேனா?

இன்று 1.30க்கு அடித்தேன். 1.27க்கே பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். மணி நின்றுபோய்விட்டது என்று நினைத்தார்களாம்.

ஜூலை 18, வியாழன்

டாக்டர் மாளவிகா ஆஸ்பத்திரிக்குப் போய் பாப்பாத்தியைப் பார்த்திருக்கிறார். அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது. இன்று கௌதமன் சார் அறையில் டாக்டர் சத்தம் போட்டுப் பேசுவது வெளியே கேட்டது. மதிய இடைவேளையை முக்கால் மணி நேரம் ஆக்க வேண்டும், இன்னும் ஆறு குழாய் போட வேண்டும், கட்டையை எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

உள்ளே கூப்பிட்டார்கள். மேஜை மேல் பச்சை நோட்டுகள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே என் லைன் நோட்டுகள்.

"நீங்களே பாருங்க டாக்டர். நீங்க குடுத்த நோட்டு, அவங்களே எழுதினது. முப்பத்தெட்டு பேரும் அரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டிருக்காங்க, எட்டு டம்ளர் தண்ணி குடிச்சிருக்காங்க, மனநிலை அமைதி. இப்படி இருக்கறப்ப எதுக்கு முக்கால் மணி நேரம்? ஏனுங்க வசந்தாமணிம்மா, சரிதானே?"

தலையை ஆட்டினேன். ஆட்டினேன் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் ஆட்டினேன். அடுத்த மாதம் ஃப்ளோர் இன்சார்ஜ் வேலை எனக்குத்தான் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

டாக்டர் என்னை வெளியே பிடித்துக்கொண்டார். "முப்பத்தெட்டு நோட்டும் ஒரே கையெழுத்து. உங்களோடதுதானே? அந்த எட்டு டம்ளரை நம்பித்தான் பாப்பாத்திக்கு நான் சீரகத் தண்ணி எழுதிக் குடுத்தேன். நானும் தப்புப் பண்ணிட்டேன், அன்னிக்கே யூரின் டெஸ்டுக்கு அனுப்பியிருக்கணும்."

"கோவத்த அடக்கோணும்னு நீங்கதான டாக்டர் சொன்னீங்க?" என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. குத்தத்தான் கேட்டேன் போலிருக்கிறது.

"சொன்னேன். இப்ப அடக்க முடியாமத்தான் நிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

ஜூலை 22, திங்கள்

பாப்பாத்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். போய்ப் பார்க்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

நாளை நோட்டு கொடுக்க வேண்டும். டாக்டர் வாங்கிப் படித்து அறிக்கை எழுதுவார், அதை துணி வாங்குகிற அந்த வெளிநாட்டு பையர் பார்ப்பான். "மத்த நோட்டெல்லாம் சேர்ந்துடுச்சு. உங்க நோட்டு ஒண்ணுதான் பாக்கி" என்று கௌதமன் சார் ஆள் மூலம் புது நோட்டு ஒன்று கொடுத்தனுப்பினார். என் நோட்டின் வலது பக்கங்கள் காலியாக இல்லை என்று எப்படியோ தெரிந்திருக்கிறது.

வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்து கட்டங்களைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். 1.00 – 1.30. உட்கார்ந்து. 8. அமைதி. ஜூலை 8 வரைக்கும் போனேன். ஒன்பதாம் தேதி வந்தது. அன்றைக்கும் பழைய நோட்டில் "அமைதி" என்றுதான் எழுதியிருக்கிறேன். அவளை வேனில் ஏற்றிவிட்டு வந்து, நனைந்த கையைத் துடைத்துவிட்டு, "அமைதி" என்று எழுதியிருக்கிறேன். அவள் நோட்டிலும் அதையே எழுதியிருக்கிறேன்.

செல்லமுத்து காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எதுக்கு அழுகற?" என்றார்.

"அழுகல. கண்ணீர அடக்கக் கூடாதாமா."

புது நோட்டை அடுப்படியில் போட்டுவிட்டேன். எரிக்கவெல்லாம் இல்லை. பால் கணக்கு எழுத ஆகும்.

ஜூலை 27, சனி

டாக்டரம்மா, இந்த நோட்டை இன்று உங்கள் கையில் கொடுக்கப்போகிறேன். இடது பக்கம் படிக்க வேண்டாம். அதில் ஒன்றுகூட உண்மை இல்லை, எழுந்த நேரத்தைத் தவிர. முப்பத்தெட்டு பேர் நோட்டும் நான் எழுதியது. அவர்கள் ஒருத்தியும் பொய் சொல்லவில்லை. வலது பக்கம் படியுங்கள். உங்களைத் திட்டியிருக்கிறேன். அதையும் படியுங்கள்.

மணியை 1.25க்கு அடித்தவள் பெயர் வசந்தாமணி. கட்டையை ஆணியில் மாட்டி வைத்துக்கொண்டு பார்வையாலேயே தாகத்தை அடக்கியவள் பெயரும் அதுதான். இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். பையரிடம் காட்டினாலும் சரி.

நாற்பத்தெட்டு நாள் முடிந்தது. எழுதினால் பாரம் இறங்கும் என்றீர்கள். இறங்கவில்லை. இடம் மாறியிருக்கிறது.

ஜூலை 29, திங்கள்

நோட்டு போய்விட்டது. இது பீஸ் கணக்கு எழுதுகிற சீட்டின் பின்பக்கம்.

காலையில் கௌதமன் சார் கூப்பிட்டார். பத்து நிமிடம் கத்தினார். ஃப்ளோர் இன்சார்ஜ் இல்லை, சூப்பர்வைசரும் இல்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு மறுபடி ஓவர்லாக்கில் உட்கார்ந்தேன். டாக்டர் என் நோட்டை நேரடியாக பையருக்கே அனுப்பிவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். குழாய் வருமா, நேரம் கூடுமா, ஒன்றும் தெரியாது. கட்டை இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. இரண்டாவது லைனிலிருந்து வந்த புது சூப்பர்வைசர் சுகந்தி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு யாராவது இன்று கை தட்டியிருப்பார்கள்.

பாப்பாத்தி இன்று வேலைக்கு வந்தாள். இளைத்துப்போய், கையில் இரண்டு லிட்டர் பாட்டிலோடு. என் பக்கத்து மெஷின். என்னிடம் பேசவில்லை. பதினொன்றரைக்கு பாட்டிலைத் திறந்து, லைன் முழுக்கப் பார்க்கும்படி மடக் மடக்கென்று குடித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி குடித்தாள். பிறகு வரிசையாகக் குடித்தார்கள். பன்னிரண்டுக்குள் கட்டையைக் கேட்டு ஏழு பேர் எழுந்து நின்றார்கள். கேட்டவர்கள் யாரும் தலையைக் குனியவில்லை.

மதியம் மாடியில் உட்கார்ந்தபோது 1.11. இஞ்சித் துண்டைக் கடித்தேன். 1.25க்கு மணி அடித்தது. சுகந்தி அடித்தாள். நான் டப்பாவை மூடிக்கொண்டு பாதி எழுந்துவிட்டேன். ஆறு வருடம் மற்றவர்களுக்குப் பழக்கிய கால் எனக்கும் பழகியிருந்தது.

சேலை முந்தானையை யாரோ பிடித்து இழுத்தார்கள். பாப்பாத்தி.

"உக்காருங்க்கா. வாயில சோறு இருக்குதுல்ல."

உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் லைனே உட்கார்ந்திருந்தது. மணி இன்னொரு முறை அடித்தது, நீளமாக. பக்கத்து லைனில் எழுந்தவர்கள் எங்களைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள். சிலர் மறுபடி உட்கார்ந்தார்கள். மெல்லுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

கட்டம் போட்டு எழுதிப் பழகிவிட்டது. அதனால்:

சாப்பிட்ட நேரம்: 1.11 முதல் 1.30 வரை. உட்கார்ந்து. சோறு ஆறிப்போனது. தண்ணீர்: 5 டம்ளர், எண்ணினேன். மனநிலை: கோபம். அடக்கவில்லை.